கருவியும் அதன் பெட்டியும்

நில அளவையின் சரித்திரத்தை எழுதியவர்கள் கருவிகளைப் பற்றி விரிவாகவும், கணக்குகளைப் பற்றி அதனினும் விரிவாகவும் எழுதியிருக்கின்றனர். அக்கருவிகளைத் தாங்கி வந்த பெட்டிகளைப் பற்றி ஓரிரு வரிகளுக்குமேல் எழுதியவர் அரியர். ஆயினும், நம் தென்னாட்டில் தொடங்கிய மாபெரும் அளவை ஒன்று, ஒரு மரப்பெட்டி தாங்கவேண்டிய அதிர்ச்சியைத் தாங்காமற்போனதனால், நடுவழியில் நின்றுவிடும் நிலைக்கு வந்ததுண்டு.

சித்தூர் ஜில்லாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிப் பாலசமுத்திரம் என்றோர் ஊர் இருக்கிறது. கார்வேட்டி நகரமும் பள்ளிப்பட்டும் அதற்கு அண்மையிலுள்ளவை. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கின்ற பகுதி அது. சிறு குன்றுகளும் ஏரிகளும் நிறைந்த அந்தச் சீமையில், நகரி மலையின் மூக்குப் போன்ற சிகரம் நெடுந்தொலைவுக்குத் தெரியும். முற்காலத்தில் கடலில் வந்த மாலுமிகளும் அதனை அடையாளமாகக் கொண்டனர். உயரமான இடமும், அங்கிருந்து தெளிவாகத் தெரியும் மற்றோர் உயரமான இடமும் இருந்தால் போதும், அளவைக்காரருக்கு அது நல்ல நாடு. ஆர்க்காட்டுச் சீமை முழுவதுமே அத்தகைய நாடுதான்.

1799-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அப்போரில் பணியாற்றிய வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி, கீழ்க்கடற்கரையிலிருந்து மேற்கடற்கரை வரை முக்கோணங்களால் நாட்டைக் கோத்து அளக்கலாம் என்றொரு திட்டத்தைச் சர்க்காருக்கு எழுதினார். தேசப்படம் வரைவது வெளிப்படையான நோக்கம். பூமியின் வடிவம் யாது, துருவங்களை நோக்கி அது எவ்வளவு தட்டையாகிறது என்பதை அறிவது அவருடைய உள்ளத்திலிருந்த நோக்கம். இரண்டுக்கும் மிக நுட்பமான கருவிகள் வேண்டியிருந்தன. அவை இந்நாட்டில் கிடைக்கவில்லை.

கிடைத்த வகையோ விசித்திரமானது. 1793-இல் மெக்கார்ட்னி பிரபு சீனச் சக்கரவர்த்தியிடம் தூது சென்றபோது, காணிக்கையாகக் கொண்டுபோன விஞ்ஞானக் கருவிகளில் சில அங்கே மதிக்கப்படவில்லை. அத்தூதுக் குழுவிலிருந்த டின்விடி என்ற அறிஞர் அவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் ராம்ஸ்டென் என்பவர் செய்த 100 அடி எஃகுச் சங்கிலியும், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் உச்சிக்கோணக் கருவியும் அவ்வாறு வந்து லாம்டன் கைக்குச் சேர்ந்தன. சீன அரண்மனையில் அலங்காரப் பொருளாகத் தூசி படிந்திருக்க வேண்டியவை பரங்கிமலை வெயிலுக்கு வந்தன.

கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட் மட்டும் இங்கிலாந்திலிருந்து வரவேண்டியிருந்தது. கேரி என்பவர் செய்த அக்கருவியின் கிடைவட்டம் 36 அங்குல விட்டமுடையது. மொத்த எடை ஏறத்தாழ அரை டன். அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியிற் பிடித்து, மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டனர். இரு நாடுகளுக்கும் பகை மூண்டிருந்த காலம் அது. பீரங்கிக் குண்டு ஒன்று அப்பெட்டியின்மேல் விழுந்திருந்தால், எத்துணை கனத்த பலகையும் காப்பாற்றியிராது. ஆனால் தங்களிடம் அகப்பட்டது இன்னதென்று அறிந்த தீவின் அதிகாரிகள், மரியாதைச் சொற்களோடு அதனைச் சென்னைச் சர்க்காருக்கே அனுப்பிவைத்தனர். பகைவரின் பண்பாடு பெட்டிக்கு வெளியே மற்றொரு பெட்டியாக அமைந்தது என்று சொல்லலாம்.

1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலைக்கு அருகே அடிக்கோட்டை அளக்கும் வேலை தொடங்கிற்று. மே 22-ஆம் தேதி முடிவுற்றது. கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். நூறடிச் சங்கிலியை 400 முறை வைத்து எடுத்தால் வரும் தூரம் அது. இதற்கு நாற்பது நாட்களுக்கு மேலாவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். சங்கிலியைத் தரையிற் போட்டு இழுக்கவில்லை, இதுவே விடை. முளைகளின்மேல் மரத்தொட்டிகளை வரிசையாகத் தாங்கவைத்து, மட்டம் பார்த்து, அத்தொட்டிகளுக்குள் சங்கிலியைக் கிடத்தினர். மேலே நிழலுக்குக் கூடாரம், உள்ளே வெப்பமானிகள். எஃகு வெயிலில் நீளும், நிழலிற் குறுகும். கோடையின் உச்சத்தில் அந்த நீட்சியைக் கணக்கிட்டுக் கழிக்காவிட்டால், பின்னர்க் கட்டப்படும் முக்கோணங்கள் அனைத்தும் அத்தவற்றைச் சுமந்து செல்லும். அந்தத் தொட்டிகளும் ஒருவகைக் காப்புப் பெட்டிகளே. அவை தடுத்தது அடியை அன்று, கதிரவனை.

இனி, தியோடலைட்டுக்கு ஏன் அத்துணைப் பாதுகாப்பு என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பாகையில் 60 கலைகள். ஒரு கலையில் 60 விகலைகள். முப்பது மைலுக்கு அப்பாலுள்ள குன்றைப் பார்க்கும்போது கோணத்தில் ஒரு விகலை பிழைத்தால், அங்கே நிலையிற் சுமார் 9 அங்குலம் பிழைக்கும். அதே ஒரு விகலை, 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் எவ்வளவு? ஓர் அங்குலத்தைப் பதினாயிரம் கூறாக்கினால், அதில் ஒரு கூறுக்கும் குறைவு. கண்ணுக்குப் புலப்படாத ஒரு வளைவு, ஒரு திருகின் சிறு தளர்வு, இவை போதும் அக்கருவியைப் பொய் சொல்ல வைக்க. அதிலும் கொடுமை, பொய் சொல்வதைக் கருவி வெளிக்காட்டாது.

இங்கிலாந்தில் ராம்ஸ்டென் செய்த இதே அளவுள்ள கருவியை, விற்கள் பொருத்திய நான்கு சக்கர வண்டியில் வைத்துக் குதிரைகளைப் பூட்டி இழுத்துச் சென்றனர். இங்கே அத்தகைய சாலைகள் இல்லை. மாட்டுவண்டியின் குலுக்கலோ ஒரு நாளிலேயே கருவியைக் கெடுத்துவிடும். ஆகவே பெட்டியை மூங்கிற் கழிகளில் கட்டி ஆட்கள் தோளிற் சுமந்தனர். மூங்கில் வளைந்து கொடுக்கும். மனிதனின் முழங்காலும் வளைந்து கொடுக்கும். கல்லில் இடறுமுன் கண் எச்சரிக்கும். உலகத்தின் மிகச் சிறந்த அதிர்வுதாங்கி அந்நாளில் இந்தியச் சுமைகாரரின் தோள்தான் என்பது என் துணிபு. சென்னையிலிருந்து மங்களூர் வரை, குன்றின்மேல் ஏற்றியும் இறக்கியும் அவர்கள் அக்கருவியைக் கொண்டுசென்றனர். தீபகற்பத்தின் அகலம் அதுவரை நினைத்திருந்தபடி 400 மைல் அன்று, 360 மைலே என்று அவ்வளவை காட்டிற்று. சுமந்தவர்களின் பெயர்களோ அந்த வரலாறுகளில் இடம்பெறவில்லை.

பின்னர் 1808-இல் லாம்டன் தஞ்சைக்கு வந்தார். காவிரிப் படுகையிற் குன்று ஏது? தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும் சமவெளி. கோயிற் கோபுரங்களே அங்கே மலைகள். இராஜராஜன் எடுப்பித்த பெரிய கோயிலின் விமானம், 1010-ஆம் ஆண்டு முதல் அந்தச் சமவெளியின் மிக உயர்ந்த இடமாக நின்றது. அதன்மேற் கருவியை ஏற்றக் கப்பியும் கயிறும் கட்டினர். பெட்டி மேலே எழுந்துகொண்டிருக்கையில், அதனைச் சுவரில் மோதாதபடி விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் எடை ஊஞ்சல்போல ஆடிக் கருங்கற் சுவரின்மேல் மோதிற்று.

கருவி பெட்டிக்குள்ளேதான் இருந்தது. எனினும் அடி, பக்கத் திருகு இருந்த இடத்தில் விழுந்து, வட்டத்துக்குள் இறங்கிற்று. கடினமான பெட்டி, தன்மேல் விழுந்த அடியை உள்ளிருக்கும் பொருளுக்கு அப்படியே கொடுத்துவிடும் என்பதை அன்று தஞ்சைச் சுவர் கற்பித்தது. அழகிய வட்டம் கோணிப் போயிற்று, ஆரக்கால்கள் வளைந்தன. பார்த்தவர் எவரும் இனி அது உதவாது என்றே கூறியிருப்பர்.

லாம்டன் அக்கருவியைப் படைத்தளவாடப் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஒரு கூடாரத்துக்குள் தம்மை அடைத்துக்கொண்டு, தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறெவரையும் உள்ளே விடவில்லை. கருவியை முற்றும் பிரித்தார். பெரிய தட்டைப் பலகை ஒன்றில், வேண்டிய அளவுக்கு மிகச் சரியான வட்டம் வெட்டுவித்தார். ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, கோணிய விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அப்பலகை வட்டத்தோடு பொருந்தச் செய்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச் சுத்திகளால் தட்டி நிமிர்த்தார். ஆறு வாரங்களில் கருவி ஏறத்தாழப் பழைய வடிவத்தைப் பெற்றது. இச்செய்தியை நமக்கு எழுதிவைத்தவர் அவருக்குப்பின் அப்பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட். பிறரை எளிதிற் புகழாதவர் அவர். அவரே வியந்து எழுதியிருக்கிறார். அக்கூடாரத்துள் இருந்த தமிழ்நாட்டுக் கொல்லரும் தச்சரும் அந்த ஆறு வாரங்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டனரோ, அதை எழுதிவைக்க யாரும் இல்லை.

லாம்டன் 1823-இல், இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள ஹிங்கன்காட்டில் காலமானார். அப்பகுதியில் வாழும் நேயர்கள் அவருடைய கல்லறையை அங்கே காணலாம். எவரெஸ்ட் 1830-இல் புதிய கருவிகளோடும், ஹென்றி பாரோ என்ற கருவி நிபுணரோடும் இங்கிலாந்திலிருந்து திரும்பினார். தஞ்சையில் அடிபட்ட தியோடலைட்டைப் பாரோ புதுப்பித்தார். அவருக்குப்பின் அவருடைய இடத்துக்கு வந்தவர் யார் என்பதுதான் நமக்குச் சுவையானது. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசேன் என்பவர், சென்னையில் நகை வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தவர். கைத்திறன் கண்டு அளவை இலாகாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். ஐரோப்பியரே செய்யக்கூடியது என்று கருதப்பட்ட நுண்பணியில் எவரெஸ்டின் முழு நம்பிக்கையையும் பெற்று, இலாகாவின் கணிதக் கருவிச் சிற்பியாக உயர்ந்தார். தம் மொழியும் மண்ணும் விட்டு வடக்கே சென்று, கைவேலையால் பெயர் நாட்டியவர்களின் வரிசையில் அவரை முன்னே வைத்தல் தகும்.

முக்கோண அளவை நாட்டுக்கு எலும்புக்கூடு போன்றது. 1858-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வருவாய் அளவை அதற்குத் தசையாக அமைந்து, கிராமம் கிராமமாக எல்லைக்கல் நாட்டிற்று. அக்கற்களின் பயன் நூறாண்டு கழித்து வேறு விதமாக வெளிப்பட்டது. 1953-இல் ஆந்திர இராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அதனோடு சேர்ந்தது. எல்லைக் கிளர்ச்சிக்குப்பின் படாஸ்கரின் தீர்ப்பு, கிராமத்தையே அலகாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மையைப் பார்த்தது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணியும் அதைச் சார்ந்த பகுதிகளும் சென்னை இராஜ்யத்துக்கு வந்தன. பள்ளிப்பட்டு இப்பக்கம், பாலசமுத்திரம் அப்பக்கம். நேயர்கள் ரயிலேறிப் பிற மாநிலத்தவரானீர்கள். அங்குள்ள தமிழர், வீட்டு வாசலில் நின்றபடியே பிற மாநிலத்தவரானார்கள்.

பெட்டிக்கலைக்கு மீள்வோம். இன்று நுட்பக் கருவிகளுக்கான பெட்டியை, சுமார் நான்கடி உயரத்திலிருந்து 26 முறை கீழே போட்டுச் சோதிக்கிறார்கள்: ஆறு முகங்கள், பன்னிரண்டு ஓரங்கள், எட்டு மூலைகள். துப்பாக்கிக் குண்டைத் தாங்கவேண்டிய பெட்டிக்கு வெளியே கடினமான பீங்கான் அடுக்கு இருக்கும். அது குண்டை நொறுக்கும். அதன் பின்னே வலிய செயற்கை இழைகளாலான நெசவு சிதறல்களைப் பிடித்துக்கொள்ளும். எனினும் குண்டை நிறுத்துவது பாதி வேலையே. நின்ற குண்டின் உந்துதல் உள்ளே போகும்; அதை மெல்ல வாங்கி விழுங்க, கருவியைச் சுற்றி நுரைமெத்தை வேண்டும். தஞ்சையில் பலகை இருந்தது; மெத்தை போதவில்லை.

1981-இல் ஆப்பிள் என்ற நம் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்தனர். உலோகம் கலவாத மேடை தேவைப்பட்டதே காரணம். பெங்களூரில் உருவாகும் கோள்கள் இப்பொழுது, இன்றைய திருப்பதி ஜில்லாவைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தனிப்பெட்டிகளில் சாலை வழியாகவே வருகின்றன. பெட்டிக்குள் வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும். வழியில் நேர்ந்த ஒவ்வொரு குலுக்கலையும் பதியும் கருவியும் உடன் வரும். வண்டி ஆள் நடப்பதுபோல் மெதுவாகச் செல்லும் இடங்களும் உண்டு.