தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டியும் அதன் மூலபாடமும்

பழநூலொன்றைப் பதிப்பிக்கப் புகுவோன் எதிர்கொள்ளும் முதல் வினா, அதன் மூலபாடம் யாது என்பதாகும். சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியபோது எழுந்த வினாவும் இதுவே. அவ்வினாவை விளையாட்டுப் பெட்டியொன்றைக் குறித்து எழுப்புதல் சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், 'ரீவி கேம்' என நம்மவர் வழங்கிய பெட்டியை அலுமாரியின் அடியிலிருந்து எடுத்து இன்றைய தட்டைத் தொலைக்காட்சியில் பொருத்திப் பார்த்தோர், அக்காலத்திலும் படம் இப்படித்தான் இருந்ததா என்று ஐயுறுகின்றனர். உருவங்கள் மங்கியும் அகன்றும், விளிம்புகள் சீப்பின் பற்கள்போற் சிதைந்தும் தோன்றுகின்றன. பெட்டி பழுதாயிற்றென எறிந்துவிடுவாரும் உளர். பல வேளைகளில் பெட்டியிற் பழுது இல்லை. படத்தின் பாதியை ஆக்கித் தந்த மற்றைக் கருவியே வீட்டை விட்டுப் போய்விட்டது.

இக்கூட்டாக்கம் தொடக்கத்திலேயே வெளிப்படையாக இருந்தது. 1972 இல் அமெரிக்காவில் வெளிவந்த மக்னவொக்ஸ் ஒடிசி என்பதே வீட்டுத் தொலைக்காட்சிக்கான முதல் விளையாட்டுப் பெட்டி. அது வெண்புள்ளிகளையும் கோட்டையும் மட்டுமே காட்டவல்லது. விளையாட்டுக்களமும் வண்ணமும் தொலைக்காட்சியின் கண்ணாடிமேல் ஒட்டும் ஒளியூடுருவும் தாள்களாக வந்தன. பின்வந்த பெட்டிகளில் தாள் மறைந்தது. ஆனால் தொலைக்காட்சியின் பங்கு மறையவில்லை. கதோட்டுக் கதிர்க் குழாயில் இலத்திரன் கற்றை திரையைக் கோடு கோடாகத் தடவிச் செல்லும். ஒளிபரப்பில் ஒருமுறை ஒற்றைக் கோடுகளும் மறுமுறை இரட்டைக் கோடுகளுமாகப் பின்னியே முழுப்படம் அமையும். விளையாட்டுப் பெட்டியைச் செய்தோர் ஒரு தந்திரம் புரிந்தனர். சைகையைச் சிறிது மாற்றி, எல்லா முறையும் ஒரே கோடுகளின் மீதே கற்றை செல்லுமாறு செய்தனர். அதனாற் படம் நடுங்காது நின்றது. இடைக்கோடுகள் இருண்டே கிடந்தன. அந்த மெல்லிருட் கோடுகளும் கண்ணாடியின் ஒளிக்கசிவும் சேர்ந்தே கட்டங்கட்டமான உருவத்தை முகமாகவும் மரமாகவும் நம் கண்ணுக்குக் காட்டின.

இனி நம் நாட்டின் நிலையை நோக்குவோம். இலங்கையிற் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 இலும், ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. ரூபவாகினி யப்பானிய அரசின் உதவியால் எழுந்தது. எனினும் அது யப்பானிய முறையை மேற்கொள்ளவில்லை. யப்பான் கைக்கொண்டது அமெரிக்கரின் என்.ரி.எஸ்.சி. முறை: 525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ 60 தடவல்கள். நாம் கைக்கொண்டது யேர்மனியில் வால்ற்றர் புறூக் வகுத்த பால் வண்ணமுறை: 625 கோடுகள், 50 தடவல்கள். யப்பானில் 1983 யூலை 15 இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஃபமிலி கொம்பியூற்றர்' யப்பானியத் திரைக்கெனவே பிறந்தது. அதனை அவ்வாறே கொணர்ந்து பால் முறை மட்டும் அறிந்த தொலைக்காட்சியிற் பொருத்தினால், வண்ணமிழந்து கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அல்லது படம் நிலைகொள்ளாது உருளும். வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் கொணர்ந்த பன்முறைத் தொலைக்காட்சிகளுக்கு இத்தொல்லை இல்லை.

நம் சிறுவருட் பெரும்பாலார் கண்டதோ நின்டெண்டோவின் பெட்டியையன்று. தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட போலிகளையே. போலி என்றவுடன் இகழ்தல் நம் வழக்கம். இவ்விடத்து அவ்விகழ்ச்சி பொருந்தாது. நின்டெண்டோ ஐரோப்பாவுக்கெனத் தானே செய்த பெட்டியிற் செயலியின் வேகம் குறைந்தமையால், யப்பானிய விளையாட்டுகள் சில தடுமாறின. தைவானின் யு.எம்.சி. நிறுவனத்துப் பொறியியலாளரோ, செயலியின் வேகத்தை யப்பானிய அளவுக்கு மிக அண்மையில் நிறுத்தி, நம் முறைக்கு வேண்டிய மேலதிகக் கோடுகளைப் படம் முடிந்தபின் வரும் வெற்றுக் கோடுகளாக இட்டு நிரப்பினர். யப்பானியக் கசற் அதிகத் தடுமாற்றமின்றி ஓடியது. 1992 முதல் இரசியாவில் 'டெண்டி' என்ற பெயரில் விற்பனையான பெட்டியும் இக்குடும்பத்ததே.

ஓடியது என்றேன், ஆனால் மெதுவாக ஓடியது. விளையாட்டின் ஒவ்வோர் அசைவும் தடவலைக் கொண்டே எண்ணப்படுவதால், யப்பானில் 60 செக்கனில் முடியும் ஓட்டம் இங்கு 72 செக்கன் எடுத்தது. பாட்டின் சுருதி ஏறத்தாழ அவ்வாறே நிற்க, தாளம் மட்டும் தளர்ந்தது. 240 கோட்டுப் படம் ஏறத்தாழ 288 கோடுகள் தெரியும் திரையில் வந்தமையால், மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்து, உருவங்கள் சற்றுக் குறுகித் தோன்றின. இன்று ஆர்வலர் பலர் 60 முறையே சரியானது என்று கூறி, நம்மவர் நினைவிலுள்ள வேகத்தைப் பிழையெனத் திருத்துகின்றனர். நான் உடன்படேன். செய்தோன் கருதிய பாடம் ஒன்று. ஊரில் வழங்கிய பாடம் மற்றொன்று. களுதாவளையிலோ களுவாஞ்சிக்குடியிலோ வளர்ந்த ஒருவரின் இளமையை எழுதப் புகுவோனுக்கு வழங்கிய பாடமே சான்று. இரண்டையும் வேறுபடுத்திக் குறித்தல் வேண்டும். ஒன்றால் மற்றொன்றை அழித்தல் ஆகாது.

நல்ல படம் பெறும் வழியும் இவ்வரலாற்றிலிருந்தே பெறப்படும். பழைய குழாய்த் தொலைக்காட்சி கிடைக்குமாயின் அதுவே தக்கது. அன்ரனாத் துளைவழி வரும் படம் இரைச்சல் மிக்கது. மஞ்சட் செருகியின் வழியே வருவது அதனினும் தெளிவு. ஒளியும் வண்ணமும் பிரிந்துவரும் எஸ்-வீடியோ அதனினும் நன்று. செம்மை, பச்சை, நீலம் தனித்தனியே வரும் இணைப்பு யாவற்றினும் சிறந்தது. ஆயினும் தெளிவே எப்போதும் நன்மையன்று. 1991 இல் வந்த 'சொனிக்' விளையாட்டின் நீர்வீழ்ச்சி நெருங்கிய நெடுங்கோடுகளால் வரையப்பட்டது. மஞ்சட் செருகியின் கலங்கலில் அக்கோடுகள் கரைந்து நீர் போலாகும். தெளிந்த இணைப்பில் வேலிக்கம்பி போல் நிற்கும்.

தட்டைத் தொலைக்காட்சிகளுட் பல, பெட்டியின் தந்திரச் சைகையைப் பின்னற் படமென மயங்கி, இல்லாத பின்னலைப் பிரிக்க முயல்கின்றன. சீப்புப் பற்களின் காரணம் இதுவே. மலிவான எச்.டி.எம்.ஐ. மாற்றிகளும் பெரும்பாலும் அம்மயக்கத்தையே செய்யும். கோடுகளை நேரே பெருக்கும் கருவி வாங்குதல் மேல். மாணவர் எளிய வகுத்தலாலேயே ஒன்றைக் காணலாம்: 240 ஐ 1080 இல் வகுக்க நாலரை வரும், 2160 இல் வகுக்க ஒன்பது வரும். முன்னையதிற் கோடுகள் சமனின்றிப் பெருகும். பின்னையதில் ஒத்துப் பெருகும். அகலத்தை 4:3 ஆக வைத்து, கூர்மையைக் குறைத்து, விளையாட்டு முறையைத் தெரிந்தால், தாமதமும் ஓரளவு குறையும்.

குழாய்த் தொலைக்காட்சிகளோ அருகி வருகின்றன. சோனி நிறுவனம் 1968 இல் தொடங்கிய திரினித்திரன் வரிசையை 2008 இல் நிறுத்தியது. ஒரு புறம் கடலும் மறு புறம் வாவியும் சூழ்ந்த நம் கரையில் உப்புக்காற்று உட்பாகங்களை விரைந்து அரிக்கின்றது. பழகாதோர் அவற்றைத் திறத்தலும் ஆகாது. வண்ணக் குழாயில் 20,000 வோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம், செருகியைக் கழற்றிய பின்னும் தங்கியிருக்கக் கூடும்.

பாடல்கள் எஞ்சியிருக்க அவற்றை இசைத்த யாழ் மறைந்த நிலையிலே, காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகள் கணக்கின் வழியே அதனை மீட்க முயன்று 1947 இல் யாழ்நூலை வெளியிட்டார். குழாயின் கோடுகளையும் ஒளிக்கசிவையும் கணக்கிட்டுப் போலச் செய்யும் நிரல்கள் இன்று உள. அவை படத்தை ஏறத்தாழ மீட்கின்றன. 1984 இன் வாத்து வேட்டை விளையாட்டிலோ நிலை வேறு. விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து நின்ற இடத்தில் வெண்கட்டம் தோன்றும். துப்பாக்கியின் கண் அவ்வொளியை அக்கணத்திலேயே காணவேண்டும். தட்டைத் தொலைக்காட்சியில் அக்கட்டம் பிந்தி வருகின்றது. துப்பாக்கியை எத்துணைக் குறிபார்த்துச் சுட்டாலும் வாத்து பறந்துவிடும்.