மதுரையில் இருந்த கலெக்டர் ஆபீஸ்

1985 வரைக்கும் சிவகாசிக்காரங்க கலெக்டரைப் பார்த்து மனு கொடுக்கணும்னா எங்க போகணும் தெரியுமா? மதுரைக்கு.

சிவகாசி அப்போ ராமநாதபுரம் மாவட்டம். 1910-ல வெள்ளைக்காரன் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள்ல இருந்து வெட்டி ஒட்டி உருவாக்கினது. கலெக்டர் ஆபீஸ் மட்டும் மாவட்டத்துக்கு வெளியே, மதுரையிலேயே இருந்துடுச்சு. விருதுநகர்ல பிறந்த காமராஜர் முதல்வரா இருந்தப்ப 1957, 1962 ரெண்டு தடவையும் சாத்தூர்லதான் ஜெயிச்சார். அப்பவும் ஆபீஸ் நகரல.

இதுக்கு நடுவுல தொழில் வளர்ந்துடுச்சு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-கள்ல கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. பின்னாடியே பட்டாசு, அச்சகம். மழை பொய்க்கிற கரிசல் பூமிக்கு அது சோறு போட்டுச்சு, மறுக்க முடியாது. சின்னப் பிள்ளைங்க கையும் அதுல சேர்ந்துச்சு.

1985 மார்ச்ல தனி மாவட்டம் வந்துச்சு. 1988-ல குழந்தைத் தொழிலாளர் திட்டம், சிறப்புப் பள்ளிகள். 1996 டிசம்பர்ல எம்.சி.மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு: ஆபத்தான வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும். கணக்கெடுப்பு, அபராதம், பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் ஒரே நேரத்துல நெருக்கினப்பதான் நிலைமை மாற ஆரம்பிச்சது. அந்தப் பெருமைல பாதியை மதிய உணவுக்குக் கொடுப்பேன் நான்.

விபத்து விஷயத்துல அப்படி நடக்கல. உரிமம் கொடுக்க சின்ன ஆலைக்கு மாவட்ட நிர்வாகம், பெரிய ஆலைக்கு நாக்பூரைத் தலைமையிடமா வச்ச மத்திய வெடிபொருள் துறை. இது போக தொழிற்சாலை ஆய்வாளர், வருவாய்த் துறை, போலீஸ். இத்தனை பேர் இருந்தும், உரிமம் ஒருத்தர் பேர்ல இருக்கும், உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டறது வேற ஒருத்தர். நாலு பேர் இருக்க வேண்டிய அறைல அதுக்கு மேல ஆள். (அந்த ஊர்ல ‘மருந்து’ன்னா வெடிமருந்து. டாக்டருக்கு இது பழக கொஞ்ச நாள் ஆகும்.)

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 38 பேருக்குக் குறையாம செத்தாங்க. வெடிச்சதைக் கேட்டு உதவ ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரங்களும் அதுல உண்டு. பலத்த காயம் பட்டவங்களை மதுரைக்குக் கொண்டு போனாங்க, 70 கிலோமீட்டர்.

அந்த 70 கிலோமீட்டர் என்ன செய்யும்னு சொல்றேன். 60 கிலோ எடை, 40 சதவீதம் தீக்காயம்னா முதல் 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 9.6 லிட்டர் திரவம் ஏத்தணும். அதுல பாதி முதல் 8 மணி நேரத்துல. கடிகாரம் ஓட ஆரம்பிக்கறது ஆஸ்பத்திரி வாசல்ல இல்ல, தீ பட்ட நிமிஷத்துல. லேட்டானா ரத்த ஓட்டம் குறையும், கிட்னி படுக்கும். கிளம்பற இடத்துலயே டிரிப் போட்டு, மூச்சுக்குழாயைப் பார்த்து அனுப்பற ஒரு நர்ஸும் ஒரு டாக்டரும் இருந்தா கணக்கே வேற.

2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 20 பேருக்கு மேல போனாங்க. உள்குத்தகைப் பேச்சு அப்பவும் வந்துச்சு.

2022 ஜனவரி 12-ல விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. சிவகாசில இருந்து முப்பது கிலோமீட்டருக்குள்ள. மாவட்டம் பிறந்து 37 வருஷம் நெருங்கிடுச்சு.