அறுவடைக்குப் பின் அழுகும் பழங்கள்: நுண்ணங்கிகள் காவல் காக்குமா?

மரத்தில் ஒரு மறுவும் இல்லாமல் இருந்த கறுத்தக்கொழும்பான் மாங்காய், வீட்டில் பழுக்கும்போது கரும்புள்ளிகள் விழுந்து அழுகுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். விற்றவர் பழைய பழத்தைத் தந்துவிட்டார் என்று நினைப்போம். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் காய் பிஞ்சாக இருந்தபோதே தொற்றியது.

இந்நோயின் பெயர் அந்திரக்நோசு. இதை உண்டாக்கும் பங்கசின் வித்திகள் மழைநீருடன் பூவிலும் பிஞ்சிலும் படிந்து முளைக்கின்றன. காயின் தோலிலுள்ள இயற்கையான எதிர்ப்புப் பதார்த்தங்கள் அவற்றை மேலும் வளரவிடாமல் அடக்கி வைக்கின்றன. காய் பழுக்கும்போது அந்தப் பதார்த்தங்கள் குறைய, பங்கசு மீண்டும் வளரத் தொடங்குகிறது.

வேறு சில பங்கசுகள் காயங்களின் வழியே நுழைபவை. தோடம்பழத்தில் படரும் பச்சை, நீலப் பூஞ்சணங்களும், வாழைச் சீப்பை வெட்டிய இடத்தில் தொடங்கும் அழுகலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

பங்கசுநாசினியில் பழங்களை நனைப்பதே நெடுங்கால வழக்கம். ஆனால் பழத்தில் எச்சம் தங்குகிறது; காலப்போக்கில் பங்கசுகளும் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மாற்று வழி தேடியவர்கள், ஒரு நுண்ணங்கியைக் கொண்டு இன்னொன்றை அடக்கும் உயிரியல் கட்டுப்பாட்டின் பக்கம் திரும்பினார்கள்.

1984இல் அமெரிக்காவில் பியூசி, வில்சன் என்ற ஆய்வாளர்கள், பசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பற்றீரியா பீச் பழங்களின் பழுப்பு அழுகலைத் தடுப்பதைக் காட்டினார்கள். அந்தப் பற்றீரியா நுண்ணுயிர்க்கொல்லிப் பதார்த்தத்தைச் சுரந்தே பங்கசை அடக்குகிறது. உண்ணும் பழத்தில் அது வேண்டாம் என்ற தயக்கத்தால், ஆய்வாளர்களின் கவனம் மதுவங்களின் மீது சென்றது.

பழத்தோலில் இயல்பாகவே வாழும் மதுவங்கள், காயம்பட்ட இடத்தில் வேகமாகப் பெருகி, அங்கு கசியும் சீனியையும் இடத்தையும் முதலில் பிடித்துக்கொள்கின்றன. பின்னால் வரும் பங்கசு வித்திக்கு உணவு கிடைப்பதில்லை. சில மதுவங்கள் பங்கசு இழைகளில் ஒட்டி அவற்றின் சுவரைக் கரைக்கும் நொதியங்களையும் சுரக்கின்றன. 1995இல் அமெரிக்காவில் 'அஸ்பயர்' என்ற மதுவத் தயாரிப்பும் 'பயோசேவ்' என்ற பற்றீரியாத் தயாரிப்பும் பதிவுபெற்றன. ஆனால் ஆய்வுகூடத்தில் கண்ட பலன் பொதியிடும் நிலையங்களில் ஒரே சீராகக் கிடைக்கவில்லை. அஸ்பயர் பின்னர் சந்தையிலிருந்து விலகியது.

இலங்கையிலும் இத்துறையில் ஆய்வுகள் நடந்துள்ளன. றம்புட்டானை அழுகச் செய்யும் பங்கசுகளுக்கு எதிராக, மண்ணில் வாழும் ட்ரைக்கோடெர்மா ஹர்சியானம் என்ற நன்மை தரும் பங்கசு பயன்படுவதை இங்குள்ள ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்டார்கள். உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட உப்புகளுடன் அதைச் சேர்த்துப் பயன்படுத்துவதும் பின்னர் ஆராயப்பட்டது.

இங்கே ஒரு வரம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மதுவம் வாசலில் நிற்கும் காவலாளி போன்றது. புதிய காயத்தைக் காக்கும். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட பங்கசை வெளியேற்றாது. அதனால் தோடை, அப்பிள் போன்றவற்றில் கிடைக்கும் வெற்றியை மாம்பழத்தில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. மாங்காய்களை 52 முதல் 55 பாகை செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்தி எடுக்கும் முறை, தோலில் தங்கியிருக்கும் தொற்றைத் தாக்குகிறது. எனவே வெப்பத்தையும் நுண்ணங்கியையும் இணைப்பதில் ஆய்வாளர்கள் அக்கறை காட்டுகிறார்கள். வெந்நீரின் சூடு அல்லது நேரம் கூடினால் தோல் வெந்து பழம் கெடும் என்பதால் அளவு முக்கியம்.

பாண் செய்யும் ஈஸ்ட்டைக் கரைத்துப் பழங்களுக்குத் தெளித்துப் பார்க்கலாமா என்று தோன்றலாம். இந்தப் பணிக்குரிய மதுவங்கள் பல வகைகளுள் சோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவை. எல்லா மதுவமும் இந்த வேலையைச் செய்யாது.

எந்த முறையைக் கையாண்டாலும் தோட்டத்தில் செய்யவேண்டிய வேலைகள் குறையப்போவதில்லை. காய்ந்த கிளைகளையும் அழுகி உதிர்ந்த பழங்களையும் அகற்றினால் வித்திகள் குறையும். மாங்காயைக் காம்புடன் பறிப்பதும், வாழைக்குலையை நிலத்தில் போடாமல் இறக்கிக் கூரான, சுத்தமான கத்தியால் சீப்பு வெட்டுவதும் பங்கசு நுழையும் வழிகளைக் குறைக்கும். லொறியில் ஏற்றும்போது குலைகளுக்கு இடையில் வாழைச்சருகு வைப்பதும் அதற்காகத்தான்.