ஏலம் காத்த காடு

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் பெயர் பெற்ற பொட்டிபுரத்திலிருந்து அம்பரப்பர் மலையைப் பார்த்தால் பாறையும் முட்புதருமாகத் தெரியும். இருந்த காட்டை மொட்டையடித்துவிட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மழை மறைவான இந்தச் சரிவு வறண்டு கிடப்பதற்குக் கோடரியை மட்டும் காரணம் காட்ட முடியாது. கோடரியின் கணக்கைப் போடிமெட்டுக்கு மேலேதான் பார்க்க வேண்டும். அங்கேயும் அது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழவில்லை. 1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜே. டி. மன்றோ குத்தகைக்கு எடுத்த கண்ணன் தேவன் மலைகளில் பின்னாளில் தேயிலை பரவியது. தேயிலைக்கு வெயில் வேண்டும், சோலைகள் சாய்ந்தன. அந்தத் தேயிலை மூணாறிலிருந்து சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. வெட்டிய சோலை திரும்பவில்லை. ஏலச்செடியின் கதை வேறு. நிழல் இல்லாவிட்டால் அது கருகிவிடும். திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்திலும், பிறகு தோட்டங்கள் பெருகியபோதும், பெருமரங்கள் நின்றதற்கு இந்தத் தேவையே முதல் காரணம் என்பேன். கப்பலுக்கும் பீப்பாய்க்கும் இரும்பு உலைக் கரிக்கும் ஓக் மரங்களை இழந்த அயர்லாந்தில், மரத்தை நிற்க வைக்கும்படி எந்தப் பயிரும் கேட்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே காடு, நிலப்பரப்பில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது.

நிழல் மரம் நின்றால் அது காடாகிவிடுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏலத்தோட்டத்துக்குள் குனிந்து பாருங்கள்: தூரைச் சுற்றித் தரையோடு படர்ந்த சரங்களில் காய் பிடித்திருக்கும், களையோடு மரக்கன்றும் அறுபட்டிருக்கும். பறித்த காயைப் பச்சை மாறாமல் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்புக்கும் நெடுங்காலம் விறகுதான் போனது. ஐந்து கிலோ பச்சைக்காய் ஏறக்குறைய ஒரு கிலோவாக வற்றும்வரை அந்த நெருப்பு அணையக்கூடாது. அதிக மகசூல் தரும் ஞள்ளானி போன்ற ரகங்கள் வந்தபின், கூடுதல் வெளிச்சத்துக்காகக் கிளைகளையும் கழித்தார்கள். ஆகவே ஏலம் காட்டை முழுதாகக் காப்பாற்றியது என்று நான் வாதிடவில்லை. இருக்கும் மரத்தை அது காத்தது. அடுத்த தலைமுறை மரத்துக்கு இடம் விடவில்லை. முதிர்ந்தது ஒன்று காற்றில் சாயும்போது, அந்த இடத்தை நிரப்ப அருகில் கன்று இருப்பதில்லை. தோட்டக்காரர்களைக் குற்றவாளிகளாக்கினால் இது மாறாது. நிழலை நம்பிப் பிழைப்பவர்கள் அவர்கள். உள்நாட்டு மரக்கன்றுகளைக் களைக்கத்திக்குத் தப்பவிட்டு வளர்ப்பதற்கு, விலை சரியும் ஆண்டிலும் அவர்களுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடுதான் இப்போது தேவை.