இரண்டு டொலர்ப் பாலின் கணக்கு



சென்ற மாத நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, முந்தி இரண்டு டொலருக்கு இரண்டு லீற்றர் பால் வாங்கித் தயிர் போடுவன். இப்ப மூன்று டொலருக்கு மேல. பட்டரைத் தொடவே ஏலாது. ஏன் இப்பிடி?" என்று கேட்டார். அன்று நேரம் போதவில்லை. கணக்காளன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். உண்மையில் விளக்கம் தேவைப்படுவது இன்றைய மூன்று டொலருக்கு அல்ல, அன்றைய இரண்டு டொலருக்கு.

அவுஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு யூன் மாதம் வரை, குடிப்பதற்கான பாலுக்குப் பண்ணையாளர் பெறும் விலையை மாநில அரசுகளே கட்டுப்படுத்தின. சீஸ், பட்டர், பால்மா செய்யப் போகும் பாலுக்கு உலகச் சந்தை விலைதான், அது குறைவு. விக்ரோறியாவில் பெரும்பங்கு பால் தொழிற்சாலைக்கே போனது. ஆகவே கட்டுப்பாடு நீங்கினால் அங்குள்ளவர்களுக்கு இழப்பு குறைவு. 1999 இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நீக்கச் சம்மதித்தார்கள். குடிபாலையே நம்பியிருந்த நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்துப் பண்ணையாளர்களுக்கு அது இடி. ஆனால் மாநிலங்களுக்கிடையே வியாபாரத்தைத் தடுக்க அரசியலமைப்பு இடம் தராது. விக்ரோறியாப் பால் எல்லை தாண்டி வந்தால் மற்றவர்கள் என்ன செய்வது? 2000 யூலை 1ஆம் திகதி எல்லா மாநிலங்களிலும் கட்டுப்பாடு போயிற்று.

பண்ணையாளருக்கு நட்டஈடு கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள்தான். அந்த யூலை முதல் 2009 பெப்ரவரி வரை கடையில் வாங்கிய ஒவ்வொரு லீற்றர் குடிபாலிலும் 11 சதம் அதற்காகவே அறவிடப்பட்டது. கிப்ஸ்லாந்தில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, எட்டு வருடங்களுக்கு அந்தக் கொடுப்பனவு அவருக்கு வந்தது. அதற்கும் வருமான வரி உண்டு என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

பிறகு 2011 சனவரி 26. கோல்ஸ் தன் சொந்த முத்திரைப் பாலை லீற்றர் ஒரு டொலருக்கு இறக்கியது; வூல்வேர்த்ஸும் உடனே பின்தொடர்ந்தது. பால் ஆட்களைக் கடைக்குள் இழுக்கும் தூண்டில். இலாபம் மற்றச் சாமான்களில். நானும் சந்தோஷமாகத்தான் வாங்கினேன், ஒளிப்பானேன்? அந்த விலை 2019 வரை அசையவில்லை. தீவனம், மின்சாரம், கூலி எல்லாம் எட்டு வருடம் ஏறிக்கொண்டே இருந்தன.

இடையில் 2016 ஏப்ரலில், நாட்டின் மிகப் பெரிய பால் கூட்டுறவான மறே கோல்பேர்ண், பருவத்தின் பத்தாவது மாதத்தில் விலையைக் குறைத்தது. அதுவரை கூடுதலாகக் கொடுத்ததையும் பின்னர் அறவிடப் போவதாக அறிவித்தது. பட்டியலை ஏற்று, பணத்தையும் பெற்றுச் செலவழித்தபின் அது கடனாக மாறினால் எந்தக் கணக்குப் புத்தகம் தாங்கும்? அடுத்த வருடம் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். அதற்குள் பலர் வேறு நிறுவனங்களுக்கு மாறியிருந்தனர். சிலர் மாடுகளை விற்றிருந்தனர். 1950இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு 2018இல் கனடாவின் சபூட்டோ நிறுவனத்துக்குக் கைமாறியது. 2020 சனவரி முதல் அப்படிப் பின்னோக்கி விலை குறைப்பதைச் சட்டம் தடுக்கிறது.

2000இல் ஏறத்தாழ 13,000 பாற்பண்ணைகள் இருந்தன. இப்போது 4,000 அளவில். வரட்சியும் சேர்ந்துகொண்டது. 2001-02இல் 11 பில்லியன் லீற்றரைத் தாண்டிய உற்பத்தி இப்போது 8 பில்லியனை ஒட்டி நிற்கிறது. பால் குறைந்ததால் தொழிற்சாலைகள் அதற்குப் போட்டியிட வேண்டியதாயிற்று. 2022இல் உரமும் எரிபொருளும் உலகமெங்கும் ஏறியபோது பண்ணையாளர் விலையும் ஏறியது. அம்மா கேட்ட மூன்று டொலர் அப்போதுதான் வந்தது. பட்டருக்கு உலகச் சந்தையும் ஒரு காரணம்.

என் கிப்ஸ்லாந்து வாடிக்கையாளருக்கு அந்த உயர்வு பயன்படவில்லை. அவர் 2017இலேயே கறவை மாடுகளை விற்றுவிட்டார். இப்போது அந்தப் புல்வெளியில் இறைச்சி மாடுகள் மேய்கின்றன. பால் கறந்த கொட்டகையில் கரவன் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்.