பழைய மின்னஞ்சல்கள் தானாக அழியாமல் காப்பது எப்படி?

பிள்ளையைக் காணவில்லை என்று செஞ்சிலுவைக் குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பிய கடிதம், வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்கு எழுதிய விபரம், ஸ்கேன் செய்து இணைத்த அடையாள அட்டை. 2006 தொடக்கம் 2009 வரை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை நெட் கபேக்களில் இருந்து போன இப்படியான மின்னஞ்சல்கள் பல குடும்பங்களுக்கு இன்றும் ஆவணங்கள். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே அதை இடைநிறுத்தியது. ஆனால் அவசரத்தில் விட்டுப்போன கடதாசிகள் எல்லாம் திரும்பக் கிடைக்காது. மின்னஞ்சலில் இருந்தவை மட்டுமே மிஞ்சும்.

2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு, பின்னர் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று குடும்பங்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எப்போது, யாரிடம் முதலில் முறையிட்டீர்கள் என்பதற்குத் திகதியோடு பதில் சொல்லக்கூடியது அந்தப் பழைய மின்னஞ்சல்தான். மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்கும் சட்டமும் 2006இலேயே, 19ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேற்றப்பட்டது.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் உள்ளவர்களின் பழைய கணக்குகளைத் திறக்க நான் பலமுறை உதவியிருக்கிறேன். கடிதங்கள் இல்லாமல் போன கணக்குகளில் பெரும்பாலும் யாரும் அவற்றை அழித்திருக்கவில்லை. தானியங்கி ஏற்பாடே அழித்திருந்தது. அது மூன்று இடங்களில் நடக்கிறது.

முதலாவது, கணக்கு. கூகுள் கணக்கை 2 வருடம் பயன்படுத்தாவிட்டால் அதை உள்ளடக்கத்தோடு அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. யாஹூவில் 12 மாதம் உள்நுழையாவிட்டால் அஞ்சல்கள் அழிக்கப்படும். ஜிமெயிலில் குப்பைத்தொட்டிக்கும் ஸ்பாமுக்கும் போனவை 30 நாளில் நிரந்தரமாகப் போய்விடும். ஆகவே பழைய கணக்குகளுக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நுழையுங்கள்.

இரண்டாவது, கணினியிலுள்ள மின்னஞ்சல் செயலி. தண்டர்பேர்ட் பாவிப்பவர்கள் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பகுதிக்குப் போய், ஐமேப் கணக்கானால் 'சிங்க்ரனைசேஷன் அன்ட் ஸ்டோரேஜ்', பொப் கணக்கானால் 'டிஸ்க் ஸ்பேஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். எந்த மடலையும் அழிக்காதே என்ற தெரிவு அங்கே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இத்தனை நாளுக்கு மேற்பட்டவற்றை அழி என்ற தெரிவு, ஐமேப் கணக்கில் சேர்வரிலுள்ள மூலப்பிரதியையும் அழித்துவிடும். தனிக் கோப்புறைகளுக்கும் இதே ஏற்பாடு உண்டு. கோப்புறையில் வலது கிளிக் செய்து, 'புரொப்பர்ட்டீஸ்' என்பதற்குள் பாருங்கள்.

பழைய அவுட்லுக்கில் 'ஃபைல்', 'ஒப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' என்ற வழியில் போனால் 'ஓட்டோ ஆர்க்கைவ்' ஏற்பாடு இருக்கும். பழையவற்றை வேறு கோப்புக்கு நகர்த்துவதா, நிரந்தரமாக அழிப்பதா என்பதை அங்கேதான் தெரிவு செய்கிறோம். அழிப்பது குறிக்கப்பட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, சேர்வரிலிருந்து நீக்கும் ஏற்பாடு. பொப் முறையில் அஞ்சல் கணினிக்கு இறங்கியதும், 14 நாளில் சேர்வரில் இருப்பதை நீக்கும்படி அவுட்லுக்கில் குறிக்கப்பட்டிருக்கலாம். பிறகு அந்தக் கணினி பழுதானால் இரண்டு இடத்திலும் ஒன்றும் இராது. சேர்வரில் பிரதியை விட்டுவைக்கும் தெரிவை மட்டும் வைத்து, நாட்கணக்குக் குறியை எடுத்துவிடுங்கள்.

இவற்றைச் சரிசெய்த பின்னர் பிரதி எடுங்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. ஜிமெயிலில் மடலைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, மடலைத் தரவிறக்கும் தெரிவைக் கொடுத்தால் அனுப்பிய நேரமும் வந்த பாதையும் உள்ள முழுக் கோப்பு கிடைக்கும். இன்னொருவருக்கு ஃபோர்வேர்ட் செய்தால் இந்த மூல விபரங்கள் அப்படியே போகாது. முழுக் கணக்கையும் எடுக்க 'கூகுள் டேக்அவுட்' இருக்கிறது. பென்டிரைவ் ஒன்றிலும், நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் என இரண்டு பிரதிகள் வைத்திருங்கள்.

பயத்தினால் தாங்களே மடல்களை அழித்தவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அது அவர்களுடைய முடிவு, அதில் பிழையில்லை. சாட்சி சொன்ன ஒருவரின் பெயரைப் பாதுகாக்க இன்றும் சில மடல்களை அழிக்க வேண்டிவரலாம். எதை வைப்பது, எதை அழிப்பது என்பதைக் குடும்பம் தீர்மானிக்க வேண்டும், செயலி அல்ல.

இன்னொரு விடயம். மீட்புக்குக் கொடுத்த பழைய சிம் இலக்கம் இப்போது உங்களிடம் இல்லையென்றால், கடவுச்சொல் மறந்த நாளில் கணக்கைத் திறப்பது கடினம். இன்றே புதிய இலக்கத்தைக் கொடுங்கள். வயதான அம்மா, அப்பாவின் கூகுள் கணக்கில் 'இன்அக்டிவ் அக்கவுண்ட் மனேஜர்' மூலம் நம்பிக்கையான ஒருவரைக் குறித்து வைத்தால், அவர்களுக்குப் பின்னரும் கடிதங்கள் அந்த ஒருவர் கைக்குப் போய்ச் சேரும்.