கூட்டருகே தொடங்கிய கலை

1892 ஏப்ரல் 10 அன்று லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் செர்ரி கியர்ட்டன் என்ற இளைஞர் ஒரு பூங்குருவிக் கூட்டைப் படமெடுத்தார். உட்புறம் சேறு பூசி வழவழப்பாக்கிய கூடு. அதற்குள் கரும்புள்ளியிட்ட நீல முட்டைகள். பிரிட்டனில் காட்டுப் பறவைகளைப் படமெடுக்கும் கலையின் வரலாற்றை இந்தப் படத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அதில் பறவை இல்லை.

அதற்குக் காரணம் அன்றைய கருவி. கண்ணாடித் தகட்டில் காட்டின் மங்கலான வெளிச்சம் பதியச் சில வினாடிகள்கூடத் தேவைப்பட்டன. கிளைக்குக் கிளை தாவும் குருவி அவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது, கூடு இருக்கும். தாய்ப்பறவையும் திரும்பத் திரும்ப வந்து அமரும் இடம் அது ஒன்றே. வசந்தத்தின் தொடக்கத்தில் ஓக் மரங்கள் தழைக்கும் முன் காட்டுக்குள் ஒளியும் ஓரளவு இறங்கும். ஏப்ரலில் ஆப்பிரிக்காவிலிருந்து கதிர்க்குருவிகள் வந்து சேரும். உள்ளூர்ப் பறவைகளும் கூடு கட்டும். இதனால் பறவைப் படக்கலை நெடுங்காலம் வசந்தகாலத் தொழிலாகவே இருந்தது.

செர்ரியும் அவருடைய அண்ணன் ரிச்சர்டும் யார்க்ஷயரின் த்வெயிட் என்னும் சிற்றூரில் பிறந்தவர்கள். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பிரிட்டிஷ் பறவைக் கூடுகள் பற்றிய நூல் 1895-இல் வெளிவந்தது. இயற்கைச் சூழலில் எடுத்த படங்களை மட்டுமே கொண்டு வந்த முதல் நூல்களில் அதுவும் ஒன்று. உயரத்தில் இருந்த கூடுகளை எடுக்க அண்ணனின் தோள்மீது தம்பி ஏறி நின்றார். பறவையையே அருகிலிருந்து எடுக்க வேண்டும் என்றபோது மறைவிடம் தேவைப்பட்டது. வர்ணம் பூசிய துணியால் போலி அடிமரம் செய்தார்கள். 1900-இல் பாடம் செய்த மாட்டுத்தோலுக்குள் ஒளிந்து படமெடுத்தார்கள். ஒருமுறை உள்ளே இருந்தவர் மயங்கி விழ, மாடு கால்கள் மேலே தூக்கியபடி கவிழ்ந்து கிடந்தது.

பிறகு எளிய துணிக்கூடாரம் வழக்குக்கு வந்தது. அதைத் தொலைவில் நட்டு, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டை நோக்கி நகர்த்தினார்கள். இருவர் உள்ளே சென்று ஒருவர் மட்டும் வெளியேறினால், ஆள் போய்விட்டதாகக் கருதிப் பறவை கூட்டுக்குத் திரும்பிவிடும். மரக்கிளையில் கட்டிய கூட்டுக்கு நிகரான உயரத்தில் பரண் அமைத்து, அதன்மேல் கூடாரம் கட்டினார்கள்.

அத்தகைய மறைவிடம் ஒன்றில்தான் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹோஸ்கிங் தம் இடது கண்ணை இழந்தார். 1937-இல் வேல்ஸில், இரவில் பரணில் ஏறிக்கொண்டிருந்த அவரை, குஞ்சுகளைக் காக்கும் ஆந்தை ஒன்று முகத்தில் தாக்கியது. அவர் தொழிலை விடவில்லை. 1940களின் பிற்பகுதியில் மின்னணு ஃபிளாஷைப் பறவைப் படத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். இருட்டில் இரையோடு பறந்து வரும் ஆந்தையின் இறகசைவும் அதன் பிறகு படத்தில் உறைந்து நின்றது. 1970-இல் வந்த தன்வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பும் கண்ணைப் பற்றியதே.

கூட்டின் உள்ளே நடப்பதைக் காட்டியவர் ஜெர்மானியரான ஹைன்ஸ் சீல்மன். மரங்கொத்திப் பொந்தின் பின்பக்கத்தைத் திறந்து, அதன் வழியே குடும்ப வாழ்க்கையைப் படம்பிடித்தார். 1955-இல் பிபிசி தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானபோது பிரிட்டிஷ் பார்வையாளர்கள் வியந்தார்கள்.

இந்தக் கலைக்குப் பறவைகளும் விலை கொடுத்தன. கூடு தெளிவாகத் தெரிய இலைக்கொத்துகளை ஒதுக்கிக் கட்டுவதும் வெட்டுவதும் நடந்தன. மறைவு குலைந்த கூட்டைக் காகங்கள் எளிதில் கண்டன. நெடுநேரம் தொந்தரவுக்கு ஆளான தாய் சில வேளைகளில் கூட்டையே கைவிட்டது. முட்டை சேகரிப்பும் அந்நாளில் பரவலான பொழுதுபோக்கு. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் காத்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரிய பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்வது குற்றம். அவற்றை அங்கே படமெடுக்க உரிமம் வேண்டும்.

விரைவான ஃபிலிமும் நீண்ட லென்ஸும் டிஜிட்டல் கேமராவும் வந்தபின் கூட்டைத் தேடிப்போக வேண்டிய கட்டாயமும் இல்லாமல் போனது. பாடும் குருவியைத் தொலைவிலிருந்தே ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பிடித்துவிடலாம். கூட்டருகே தொடங்கிய கலை, கூட்டை விட்டு விலகி நிற்பதையே இன்று முதல் ஒழுக்கமாகக் கொண்டிருக்கிறது.